வெளியே போன குரல்

“தொண்ணூத்தேழரை” என்று வாசித்தான் சேர்மராஜ். பெட்டியின் காற்றுச் சந்திலிருந்து தெர்மாமீட்டரை உருவி, உதறி, மறுபடியும் செருகினான். “இன்னும் சூடு பத்தல. கம்பளிய இழுத்து மூடுல.”

பொன்னுலிங்கம் இழுத்து மூடினான். மிக்கேல் பெட்டியின் மேல் உள்ளங்கையை அழுத்தியபடி கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டு. ஆறு மணிக்குக் கோயில் மணி அடிப்பதற்குள் பதிவு செய்த பாட்டு பங்குச்சாமியிடம் போய்ச் சேர வேண்டும். இரண்டு குழுக்களின் பாட்டையும் கேட்டு, மாதா கொடியேற்றத்துக்கு ஒன்றைச் சாமி தேர்ந்தெடுப்பார். மூன்று வருஷமாக மேலத்தெருக் குழுதான் பாடுகிறது. மேலத்தெருக் குழு என்றால் மிக்கேலின் மச்சினன்மார், அவன் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன்மார் நாலு பேர். இந்த வருஷமும் தோற்றால் அவர்களுக்கு மைக் ஸ்டாண்டு தூக்க மிக்கேல் போக வேண்டும் என்று வீட்டில் பேசி முடிவாகியிருந்தது. மிக்கேலிடம் யாரும் கேட்கவில்லை.

பெட்டி, சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைபார்க்கும் பெஞ்சமின் அத்தான் பஸ்ஸில் போட்டுவிட்டது. கம்ப்யூட்டரிலிருந்து குரலை வயர் வழியாக இதற்கு அனுப்பினால், உள்ளே இருக்கும் பழைய காலத்து ரேடியோக் கண்ணாடி வால்வுகள் அதை மெருகேற்றித் திருப்பி அனுப்பும். கூடவே ஒரு சீட்டு: ‘அரை மணி நேரம் சூடேறிய பிறகே பாடவும்.’ சுவிட்சைப் போட்டால் அது தானாகச் சூடேறும் என்று அத்தான் எழுதவில்லை. எழுத வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

தொண்ணூற்றெட்டரை வந்ததும் சேர்மராஜ் எழுந்தான். “மனுசச் சூடு வந்துட்டு. இனி சுவிட்சப் போடலாம்.” சேர்மராஜ் மிக்சி ரிப்பேர் செய்கிறவன். மின்சாரத்தில் அவன் சொல்வதுதான் முடிவு.

சீட்டில் இரண்டு வயர் போட்டிருந்தது, போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று.

“ரெண்டு எதுக்கு? போன வழியாவே திரும்பி வரலாம்லா?” என்றான் பொன்னுலிங்கம்.

“எதுக்கெதுக்க வந்தா முட்டிக்கிடும்ல, கிறுக்கா” என்றான் சேர்மராஜ்.

அன்றைக்கு அந்த வீட்டில் பேசப்பட்டதில் இது ஒன்றுதான் கிட்டத்தட்டச் சரி.

பொன்னுலிங்கம் ஏற்கெனவே வாசித்து வைத்திருந்த இசையை ஓடவிட்டார்கள். மிக்கேல் பாடினான். போட்டுக் கேட்டால், குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தாளத்துக்கு அரைக் கண்ணிமைப்பு பின்னால் வந்தது, நொண்டிக்கொண்டு வருகிற மாதிரி. மிக்கேல் போன் போட்டான்.

“அத்தான், குரல் பிந்தி வருது.”

“பெட்டிக்கு வெளிய போயிட்டு வருதுல்லா மாப்ளே, பிந்தத்தான் செய்யும். எவ்வளவு பிந்துதோ அவ்வளவு முந்த வைக்கணும். கம்ப்யூட்டர்ல அதுக்கு ஒரு கட்டம் இருக்கு, அதுல...”

அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். அத்தான் வைத்துவிட்டார்.

“அவ்வளவுதான் விசயம்” என்றான் சேர்மராஜ். “முந்திப் பாடணும்.”

“எவ்வளவு?”

“அரை இமைப்பு.”

மிக்கேல் யோசித்தான். “அரையா நான் இமைச்சதே இல்லியே.”

“அப்போ கூடுதலாவே முந்திக்கோ. குறைஞ்சாத்தான வம்பு? டேசனுக்குச் சீக்கிரமாப் போனவன் எவனாவது ரயில விட்டிருக்கானா?”

மிக்கேலுக்கு இது நியாயமாகப் பட்டது. ரயிலுக்கு எப்போதும் இரண்டு மணி நேரம் முந்திப் போகிறவன் அவன். மைக் முன்னால் நின்று முழுப் பாட்டையும் உருகிப் பாடி முடித்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து தலையசைத்தான். அதன் பிறகு பொன்னுலிங்கம் பதிவுப் பொத்தானை அழுத்தி, இசையை ஓடவிட்டான். ஐந்து நிமிஷம் மூவரும் மூச்சுக்கூட விடாமல் இருந்தார்கள்.

போட்டுக் கேட்டார்கள். இசை இருந்தது. கம்ப்யூட்டர் திரையில், குரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு நேராகக் கிடந்தது.

“போன குரல் திரும்பல” என்றான் பொன்னுலிங்கம் மெதுவாக.

மிக்கேல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சேர்மராஜ் பாய்ந்து பொத்தினான். “பேசாதல! மிச்சம் மீதி இருக்கதையும் விட்டுராத.”

மிக்கேல் தொண்டையைத் தடவிப் பார்த்தான். காலியாக இருக்கிற மாதிரிதான் இருந்தது. அந்தக் காலியிடத்தில்தான் ஸ்டெல்லாவின் அண்ணன்மார் சிரிக்கிற சத்தமும் அவனுக்குக் கேட்டது.

வரும் வயரைப் பிடுங்கி, வடியட்டும் என்று துணிக்கொடியில் தொங்கப் போட்டார்கள். வடியவில்லை. பெட்டியைக் காதருகில் வைத்துக் குலுக்கினார்கள்.

“உள்ள என்னமோ ஆடுது.”

“அதான். பயந்துபோய் ஒதுங்கியிருக்கு.”

“எடுக்க நேரமில்லயே. மணி அஞ்சே முக்கால்.”

“எடுக்க எதுக்கு? சாமி பாட்டத்தான கேட்டாரு. பாட்டு இதுக்குள்ளதான இருக்கு.”

வழியில் சிந்தாமல் இருக்க ஓட்டைகளில் பஞ்சு அடைத்தார்கள். சேர்மராஜும் பொன்னுலிங்கமும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, மிக்கேல் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நடந்தான்.

பங்குச்சாமியின் பங்களா வராந்தாவில் மச்சினன்மார் நாலு பேரும் ஏற்கெனவே பாட்டைக் கொடுத்துவிட்டு, டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில், கோயில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை மணிக்கயிற்றைக் கையில் பிடித்து நின்றார்.

“பாட்டு எங்கப்பா?” என்றார் சாமி.

“இதுக்குள்ள, சாமி.”

“யாரு பாடினது? மிக்கேலா? என்னப்பா, பேச மாட்டேங்க?”

“பேச முடியாது சாமி” என்றான் பொன்னுலிங்கம். “மொத்தமும் உள்ளதான் இருக்கு.”

பெட்டியை நாற்காலியில் வைத்து, கரண்டு கொடுத்து, பஞ்சைப் பிடுங்கினார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள். பெட்டியின் முள் அசையவில்லை. கோயில்பிள்ளை கயிற்றை இறுக்கினார்.

மூத்த மச்சினன் டீக் கிளாசைக் கீழே வைத்தான். “மாப்ளே, நாளைக்குக் காலையில வெள்ளனமே வந்துருங்க. ஸ்டாண்டு மூணு இருக்கு.”

மிக்கேலின் வாய் அவனைக் கேட்காமல் திறந்துகொண்டது.

“அலைமேல் விளக்காக நிற்கின்ற தாயே...”

வேப்பமரத்துக் காகங்கள் அத்தனையும் எழும்பின. மிக்கேலே திடுக்கிட்டுத் திரும்பிப் பெட்டியைப் பார்த்தான். அதைப் பார்த்துக்கொண்டே பாடினான், நடுவில் நிறுத்தினால் மறுபடியும் உள்ளே போய்விடும் என்று பயந்து முழுவதும் பாடினான்.

“வந்துட்டு சாமி!” சேர்மராஜ் அழுதான். “திரும்பி வந்துட்டு!”

“சாமி, அது அவர் வாயில இருந்துல்லா வருது!” என்றான் மூத்த மச்சினன்.

“சும்மா இருப்பா, கேக்க விடு” என்றார் சாமி, கண்ணைத் திறக்காமல். பாட்டு முடிந்ததும் சொன்னார்: “கொடியேத்தத்துக்கு இதுதான். தொண்டையப் பத்திரமாப் பாத்துக்கிடுங்க.”

அன்றைக்கு ஊரில் ஆறு மணி ஐந்து நிமிஷம் பிந்தி அடித்தது.

அடித்து முடித்த கோயில்பிள்ளை உள்ளே போய், பனங்கற்கண்டு போட்ட வெந்நீரை ஆற்றிக்கொண்டு வந்தார். மிக்கேலைத் தாண்டிப் போய் அதைப் பெட்டியின் முன்னால் வைத்தார். மிக்கேல் குனிந்து, டம்ளரை இன்னும் கொஞ்சம் பெட்டிக்குப் பக்கமாக நகர்த்தி வைத்தான்.