முதுகில் ஏறிய செம்மண் கோடு

ஏட்டு பிரம்மசக்தி ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள்.

ஒருமுறை சங்கிலி அறுத்துக்கொண்டு பைக்கில் ஓடியவனின் வண்டிப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் நிறுத்தவில்லை, இவளும் விடவில்லை. ஒன்றரை மைல் போய் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றபோது பூட்ஸில் அடித்தோல் இல்லை. தார் ரோட்டில் அன்று விழுந்த இரண்டு கோடுகள் இன்னும் இருப்பதாகச் சொல்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது.

அந்தப் பிடிக்குத்தான் ஏட்டுப் பதவி கிடைத்தது. அந்தப் பிடியை நம்பித்தான் சம்மட்டி எறிய வந்தாள். சம்மட்டி என்பது பேர்தான். நாலு கிலோ இரும்புக் குண்டு, அதில் ஒரு கம்பி, கம்பி முனையில் கைப்பிடி. மூன்று சுற்று சுற்றி விடவேண்டும்.

ஆறு வருஷமாக அது, எறிகிற வட்டத்தைச் சுற்றிக் கட்டிய வலையில், இடப்பக்கத்தில்தான் போய் விழுந்தது.

மறுநாள் காலை போலீஸ் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். மூன்று வீச்சு, அதில் ஒரு வீச்சாவது ஐம்பது மீட்டர் தாண்டி, மைதானத்தில் போட்ட இரண்டு கோடுகளுக்குள் விழவேண்டும். அவளுக்கு வயது முப்பத்தாறு. இந்த வருஷம் இல்லையென்றால் இனி கூப்பிடமாட்டார்கள்.

அன்று சாயங்காலம், பயிற்சி கொடுக்கிற தொம்மை மாஸ்டரிடம் போய் நின்றாள். மாஸ்டருக்கு அவளைவிட ஆறு வயது குறைவு. மட்கார்டு இல்லாத சைக்கிளில் மழையில் வந்து இறங்கியிருந்தார். வெள்ளைச் சட்டை, முதுகில் நெடுக ஒரு செம்மண் கோடு.

"மாஸ்டர், சம்மட்டிய நேராப் போகவைக்கது எப்படி?"

"இப்ப எங்க போகுது?"

"இடது பக்கத்து வலைக்கு."

"வளைஞ்சா போகுது?"

"இல்ல, நேராப் போய்த்தான் விழுது."

"அப்ப நேராப் போக அதுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் புதுசா என்னத்தச் சொல்லிக்குடுக்க?"

"கிண்டல் பண்ணாதீங்க மாஸ்டர். விடிஞ்சா ஆள் எடுக்காங்க."

"கடைசிச் சுத்துல என்ன பண்ணுதீங்க?"

"வேகம் நல்லா ஏறி வரும். விடணும்னு தெரியும். இன்னும் கொஞ்சம் ஏறட்டுமேன்னு ஒரு இழு இழுப்பேன்."

மாஸ்டர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். குனிந்து இரண்டு கை சேற்றை அள்ளிப் பின்சக்கரத்தில் அப்பினார்.

"பெடலைச் சுத்துங்க, ஏட்டம்மா."

"எதுக்கு?"

"சுத்துங்க."

சுற்றினாள். சேறு நாலாபக்கமும் பறந்தது. அவள் மூக்கிலும் ஒரு சொட்டு விழுந்தது.

"என்ன பாத்தீங்க?"

ஸ்டேஷனில் அறிக்கை எழுதுகிற மாதிரி சொன்னாள்: "கீழ இருக்கும்போதே விட்ட சேறு பின்பக்கமாப் போகுது. பாதி ஏறினப்புறம் விட்டது மேல போகுது. அதுக்கும் மேல ஏறி விட்டது சீட்டுக்கு வருது."

"வளைஞ்சு போனது உண்டா?"

"இல்ல. விட்ட இடத்துலேர்ந்து நேராத்தான் போகுது."

"டயரோட இருக்கிற வரைக்கும்?"

"சுத்துது."

"சீட்டுக்கு வந்தது என்ன தப்பு பண்ணிச்சு?"

"சேறு என்ன மாஸ்டர் தப்பு பண்ணும்?"

"சரி, வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

மறுநாளும் தரை ஈரமாக இருந்தது. முதல் வீச்சு, இடப்பக்கத்து வலை. இரண்டாவது வீச்சு வலையின் இரும்புத் தூணில் போய் மோதியது. அந்தச் சத்தத்தைச் சாப்பாட்டு மணி என்று நினைத்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலை ஒன்பதரைக்கே தட்டோடு வரிசையில் நின்றுவிட்டார்கள்.

"இன்னும் ஒண்ணுதான்மா" என்றார் நடுவர்.

பிரம்மசக்தி மாஸ்டரைப் பார்த்தாள். அவர் சைக்கிள் டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் கொஞ்ச நேரம் அந்த டயரையே பார்த்தாள். பிறகு வட்டத்துக்குள் போனாள்.

ஒரு சுற்று. இரண்டு. மூன்றாவதில் வேகம் ஏறி வந்தது. தோள் இன்னும் ஒரு இழுப்புக் கேட்டது.

விரல்களை விரித்துவிட்டாள்.

கை சட்டென்று காலியானது. அவளுக்கே பயமாக இருந்தது. எப்போதும் கேட்கிற வலைச் சத்தம் கேட்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது குண்டு நடு மைதானத்தில் புல்லைக் கிளப்பிக்கொண்டு இறங்கியது.

"ஐம்பத்தொண்ணு பன்னெண்டு!" என்று டேப்பைப் பிடித்தவர் கத்தினார். அணியில் அவள் பேரை எழுதிக்கொண்டார்கள்.

கையுறையைக் கழற்றிக்கொண்டே மாஸ்டரிடம் வந்தாள். முகம் அவ்வளவு தெளிவாக இல்லை.

"என்ன ஏட்டம்மா?"

"இல்ல மாஸ்டர்... இன்னும் ஒரே ஒரு இழு இழுத்திருந்தா, ரெண்டு மீட்டர் கூடப் போயிருக்கும்ல?"

தொம்மை மாஸ்டர் திரும்பி நின்று முதுகைக் காட்டினார். இடுப்பிலிருந்து கழுத்துவரை, அன்று காலை ஏறிய கோடு இன்னும் காயவில்லை.

"இந்தச் சேறும் அப்படித்தான் நெனச்சுது."