சுவரில் நடந்த கால்கள்

முன்னொரு காலத்திலே, ஏழு மலைக்கு அப்பால், மருதங்காட்டு ராஜ்ஜியத்திலே குமுதவல்லி என்றொரு பெண் இரண்டு அண்ணன்மாரோடு வாழ்ந்து வந்தாள். தண்ணீர் இறைப்பதும் அவள், விறகு பிளப்பதும் அவள், உலை வைப்பதும் அவள். ஒருநாள் அவள் காய்ச்சலில் விழ, மூவரும் பட்டினி கிடந்தார்கள்.

எழுந்ததும் சுவரில் கரியால் படம் வரைந்தாள். குடத்தின் கீழே பெரியண்ணன் நீலமேகன் முகம். கோடரியின் கீழே சின்னண்ணன் அழகேசன் முகம். அடுப்பின் கீழே அவள் முகம்.

"இனி அவரவர் பங்கு அவரவருக்கு" என்றாள்.

அவள் சந்தைக்குப் போன வேளையில் வாசலுக்கு ஒரு மந்திரவாதி வந்தான்.

"என் மையால் சுவரில் உள்ள உங்கள் முகத்தின்மேல் ஒரு கோடு இழுங்கள். வேலை தானே நடக்கும்!"

இழுத்தார்கள். குடம் தானே கிணற்றுக்கு ஓடியது. கோடரி தானே விறகு பிளந்தது. அண்ணன்மார் சிரித்துச் சிரித்துத் தூங்கினார்கள். திரும்பி வந்த குமுதவல்லி அவர்களை உலுக்கி எழுப்பி, நடந்ததைக் கேட்டறிந்தாள்.

முதல் நாள் நீலமேகனுக்குப் பாதம் மரத்தது. இரண்டாம் நாள் முழங்கால் மரத்தது. மூன்றாம் நாள் கால்களையே காணோம்! சுவரிலே, குடத்தின் பக்கத்தில், இரண்டு கறுப்புக் கால்கள் நடந்துகொண்டிருந்தன. அழகேசனின் கைகளோ சுவரில் கோடரியை ஓங்கிக்கொண்டிருந்தன.

கழுவினாள், போகவில்லை. சுண்ணாம்பு பூசினாள், மறையவில்லை. கத்தியால் சுரண்டினாள், "ஐயோ!" என்று அண்ணன்மார் அலறினார்கள்.

வெளியே மந்திரவாதியின் குரல் கேட்டது. "பொழுது சாயட்டும், உங்களைச் சுவரோடு பெயர்த்துப் போகிறேன். என் மாளிகையில் இப்படி நூறு ஊழியர்கள்!"

குமுதவல்லி பதறி, அண்ணனுக்காகத் தானே தண்ணீர் இறைத்துவரக் குடத்தைத் தூக்கினாள். அந்தக் கணமே நீலமேகனின் இடுப்பும் மறையத் தொடங்கியது. சட்டென்று கீழே வைத்தாள். பங்கை விட்டதால்தானே கால் போனது?

"அண்ணா, நீயேதான் இறைக்க வேண்டும்!"

"காலில்லாமல் எப்படித் தங்கச்சி?"

"தவழ்ந்து போ! சூரியன் மலையைத் தொட்டுவிட்டது!"

தவழ்ந்தான். முழங்கை தேய, ரத்தம் சொட்ட, குடத்தை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். அழகேசன் கோடரிக் காம்பைப் பல்லால் கவ்வினான். உதவப் பரபரத்த கைகளைக் குமுதவல்லி முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு அழுதாள்.

இருள் வாசல்படி ஏறியது, மந்திரவாதியும் ஏறினான். அந்த நொடியில் ஒரு வாளித் தண்ணீர் குடத்தில் விழுந்தது. ஒரு சிராய் விறகு தெறித்தது.

சுவர் வெறுமையானது. காலும் கையும் உடம்புக்குத் திரும்பின. மை எல்லாம் மந்திரவாதிமேல் வழிந்தது. அவன் கரைந்து மண்ணோடு மண்ணானான். மலைக்கு அப்பால், மந்திரவாதியின் மாளிகையில், நூறு பேர் தங்கள் கைகால்களைத் தடவிப் பார்த்து, அழுதுகொண்டே வீடு திரும்பினார்கள்.

மறுநாள் விடியலில் நீலமேகன் முதலில் தன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, குடத்தை எடுத்தான். அந்த வீட்டு அடுப்பு அன்றுமுதல் அணையவில்லை. கேட்ட உங்கள் வீட்டிலும் எரியட்டும்!