எழுதாத வருடம்

வேல்ஸ் நாட்டில் அஸ்க் என்று ஓர் ஆறு. அதன் பள்ளத்தாக்கில் நடப்பதற்கென்றே தூரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். படத்தில் பார்த்தால் பச்சை. கார்த்திகை மாதத்தில் நேரில் பார்த்தால் சேறு.

அந்தச் சேற்றில் ஞாயிறு தவறாமல் நடப்பவர் புனிதமலர் ரீச்சர். கிளிநொச்சியில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே முதியோர் இல்லமொன்றில் படுக்கை மாற்றுகிறார். மனதில் கேள்வி உள்ளவர்கள் அவர் பின்னால் நடப்பார்கள். சிலருக்குப் பதில் கிடைக்கும். சிலருக்குச் சளியும் தடிமனும்தான் கிடைக்கும்.

நல்லைநாதன் இரண்டு வருடமாக நடக்கிறார். வயது எழுபது. ரீச்சரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சீடன் என்றால் அவருக்கே சிரிப்பு வரும். ஆனாலும் வேறு சொல் இல்லை.

அன்று அவர் கோட்டுப் பைக்குள் ஒரு படிவம் இருந்தது. நனையாமல் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் பெயரில் ஆற்றங்கரையில் மரவாங்கு போடுவார்கள். போகிறவர் வருகிறவர் உட்காரலாம். சாய்மானத்தில் சின்னப் பித்தளைத் தகடு. பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். அவ்வளவுதான்.

நல்லைநாதனின் மகன் தயாபரன் வன்னியில், கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தார். மனைவி மனோன்மணிக்கு இப்போது இதயம் பாதிதான் வேலை செய்கிறது. தை தாண்டாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மனோன்மணி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"எங்கட பிள்ளையின்ர பேரில ஒரு வாங்கு போடுங்கோ. ஒருக்கால் போய் இருந்து பார்க்கிறன்."

படிவத்தில் எல்லாம் எழுதியாயிற்று. இறந்த வருடத்துக்கான கடைசிக் கட்டம் மட்டும் வெறுமை. நாளைக்குக் கொடுக்காவிட்டால் வாங்கு தைக்குள் வராது. காலையில் மனோன்மணிதான் அவரை வெளியே அனுப்பினார். "போய் நடந்திட்டு வாங்கோ. வீட்டில நிண்டு என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதேங்கோ."

முதல் வாங்கில் ரீச்சர் உட்கார்ந்தார். நல்லைநாதன் நின்றார்.

"இருங்கோவன் அண்ணை."

"வேண்டாம். செத்த ஆக்களின்ர."

"அவை வந்து எழும்பச் சொல்லமாட்டினம்."

அவர் இருக்கவில்லை.

"சரி, தகட்டையாவது வாசியுங்கோ."

"எட்வின் பாரி. முப்பத்தொண்டு, ரண்டாயிரத்து நாலு. வடிவா இருந்திட்டுத்தான் போயிருக்கிறார்."

நடந்தார்கள். தூறல் பிடித்தது. ஆறு கலங்கி, வேரோடு ஒரு மரத்தை இழுத்துக்கொண்டு போனது. எதிரே நாயோடு வந்த கிழவர் தொப்பியைத் தொட்டு, "அருமையான நாள்" என்றுவிட்டுப் போனார்.

"உவருக்குக் கண் தெரியாதோ?"

"மழை இன்னும் பலக்கேல்லை எண்டு சொல்லுறார்" என்றார் ரீச்சர்.

"ரீச்சர், ஒரு விசயம்..."

"மூச்சு வாங்குது உங்களுக்கு. நடவுங்கோ."

அடுத்த வாங்கு. ரீச்சர் தகட்டைக் காட்டினார்.

"மெகன். எண்பத்தெட்டு, தொண்ணூற்றைஞ்சு."

வாசித்த பிறகுதான் கணக்குப் பார்த்தார். ஏழு வயது.

மூன்றாவது வாங்கு வந்தபோது நல்லைநாதனுக்கு மேலே நடக்க முடியவில்லை. தகட்டைப் பார்க்காமலே பொத்தென்று இருந்துவிட்டார். ரீச்சரும் பக்கத்தில் இருந்தார்.

நல்லைநாதன் படிவத்தை வெளியே எடுத்தார்.

"இந்தக் கட்டத்தில என்னத்தை எழுத? வருசத்தை எழுதினால் நானே அவனைச் சாக்காட்டின மாதிரி. எழுதாட்டி மனுசி வாங்கைக் காணாமலே போயிடுவா. ரண்டு மாசமா நித்திரை இல்லை. நீங்கள் ஒரு வருசம் சொல்லுங்கோ ரீச்சர். கண்ணை மூடிக்கொண்டு எழுதுறன்."

"மனோன்மணி அக்கா என்ன வருசம் சொன்னவ?"

"அவவுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் கேட்டது அதில்லை."

மழை பலத்தது. நல்லைநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டதும் நனைந்தது. மறுபடி துடைத்தார்.

"அவவைக் கேட்கேல்லை."

"ஏன்?"

ஆறு போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு பொடியன் வந்தவன். லண்டனில இருந்து. கடைசியில தயாவோட நிண்டவனாம். நான் பெற்றோல் செட்டில வேலை. வீட்டுக்கு வரேக்குள்ள அவன் போயிட்டான். குசினி மேசையில ரண்டு தேத்தண்ணி. ரண்டும் குடிக்காமல், ஆடை கட்டிப்போய் இருந்தது."

"அக்கா?"

"வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டவ. சும்மா பார்க்க வந்தவன் எண்டா. அண்டையோட வெள்ளிக்கிழமை விரதத்தை விட்டிட்டா. தயா வந்து சேரவேணும் எண்டு பிடிச்ச விரதம்."

"பிறகும் கேட்கேல்லையோ?"

"கேட்டால் சொல்லிப்போடுவா எண்டு பயம்."

"இது எப்ப நடந்தது?"

"பன்னிரண்டு வருசம்."

ரீச்சர் படிவத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். மடித்துப் பொலித்தீனுக்குள் போட்டார். நல்லைநாதனின் கோட்டுப் பையிலேயே திரும்ப வைத்தார். எழுந்தார்.

"மூண்டு பத்துக்கு ஒரு பஸ் இருக்கு. இந்த வயலால குறுக்க விழுந்தால் பிடிக்கலாம்."

நல்லைநாதன் எழவில்லை.

"அவ சொல்லிப்போட்டால்?"

"சொல்லுவா."

"அதுக்குப் பிறகு அந்த வீட்டுக்குள்ள நான் என்ன செய்யிறது, ரீச்சர்?"

ரீச்சர் சப்பாத்தில் ஒட்டிய சேற்றைப் புல்லில் தேய்த்தார்.

"அக்கா இந்தப் பன்னிரண்டு வருசமும் என்ன செய்தவ, அண்ணை? அதைத்தான்."