தளபதி கட்டிய சேணம்

குதிரைப்படையில் சேர வந்த ஒரே பெண் பொம்மி. அன்று அவளுக்குக் கடைசிப் பரீட்சை.

"மூன்று சுற்று ஓட்டு. விழுந்தால் நடையைக் கட்டு" என்று மீசையை முறுக்கினார் தளபதி நரசப்பர்.

அவரவர் குதிரைக்கு அவரவரே சேணம் கட்டுவதுதான் அங்கே வழக்கம். இன்றோ தளபதியே கட்டி நிறுத்தியிருந்தார். இவருக்கு ஏன் இந்தத் திடீர்க் கரிசனம்? சாதுக் குதிரை வேறு நிலைகொள்ளாமல் துள்ளியது.

"ஐயா, சேணமே இல்லாமல் ஏறுகிறேனே" என்றாள் பொம்மி.

"கூடவே கூடாது!" என்று அலறினார் தளபதி.

பார்த்துக்கொண்டிருந்த ராணி நிமிர்ந்தாள். "கஷ்டமானதைத்தானே கேட்கிறாள், உமக்கென்ன பதற்றம்? சேணத்தை இறக்குங்கள்."

அடியில் கருவேல முள் இருந்தது.

"இவரை என்ன செய்யலாம்?" என்றாள் ராணி.

"எனக்கு வைத்த பரீட்சைதான், தாயே. இதே சேணம், மூன்று சுற்று."

நரசப்பர் குதிரைப் பக்கமே திரும்பவில்லை. நடையைக் கட்டினார்.