உறைய வைத்த பாதி

கணையத்தில் வரும் நீர்க்கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சி எடுக்கும் நீர் ஒரு டீஸ்பூன்கூடத் தேறாது. டாக்டர் மங்கையர்க்கரசி அதிலும் பாதியைத்தான் சோதிப்பார். மீதிப் பாதியைச் சின்னக் குழாயில் அடைத்து, பெயர் எழுதி, ஃப்ரீசரில் வைத்துவிடுவார். ஏன் என்று கேட்டால், "இருக்கட்டும்" என்பார்.

அவரிடம் பாடம் கேட்க வந்த டாக்டர் இருதயம், அவரைவிட நான்கு வயது மூத்தவர். முப்பது வருடம் கத்தி பிடித்த சர்ஜன். கை நடுங்கத் தொடங்கியதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அந்த வயதில் மாணவராக லேபுக்கு வந்தார். ஒரு கட்டி புற்றாகுமா ஆகாதா என்று வெட்டாமலே சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

வானமாமலை என்ற பஸ் கண்டக்டரின் ரிசல்ட் வந்திருந்தது. இரண்டுங்கெட்டான் ரிசல்ட். பின்னாளில் புற்றாகக்கூடிய வகைக் கட்டிதான். ஆனால் மாறத் தொடங்கியதற்கான அடையாளம் மரபணுவில் இல்லை. கண்டக்டரோ பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை என்றும், ஒரே வார்த்தையில் பதில் வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"வெட்டணுமா, விட்டுடலாமா? நான் அவருக்கு என்ன சொல்லட்டும் மேடம்?"

மங்கையர்க்கரசி ஃப்ரீசரைத் திறந்து பழைய குழாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்த பெயரின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"அவர் திங்கட்கிழமைதானே வர்றார்? அதுக்குள்ள இதைச் சோதிச்சு எழுதிட்டு வாங்க."

இருதயம் நான்கு நாள் அதோடு உட்கார்ந்தார். கண்டக்டருக்கு வந்த அதே முடிவுதான் இதற்கும் வந்தது. ஆனால் இந்தப் பதிலுக்காக வெளியே யாரும் காத்திருக்கவில்லை. அதனால் கை தயங்கவில்லை. 'அறுவை சிகிச்சை தேவையில்லை. வருடம் ஒருமுறை ஸ்கேன் போதும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை மங்கையர்க்கரசி அதைப் படித்துவிட்டு, குழாயிலிருந்த பிளாஸ்திரியை உரித்தார்.

குலசேகரன். பதினொரு வருடத்துக்கு முந்தைய தேதி.

அந்தப் பெயர் இருதயத்துக்கு மறக்கவில்லை. பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார். ஆபரேஷனுக்குப் போகும்போது, படுத்தபடியே, ஸ்ட்ரெச்சர் தள்ளியவரை நிமிர்ந்து நடக்கச் சொல்லி அதட்டிய மனுஷன். ஆபரேஷன் முடித்து வெளியே வந்ததும் அவர் மனைவியிடம், "நல்லவேளை, முன்னாடியே எடுத்துட்டோம்மா" என்று இருதயம்தான் சொன்னார். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே தைத்த இடம் ஒட்டவில்லை. பத்தொன்பதாவது நாள் வாத்தியார் இறந்துபோனார்.

"அன்னைக்கு இந்தச் சோதனை நம்மகிட்ட இல்ல," என்றார் மங்கையர்க்கரசி. "ஒரு சொட்டை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு இழுத்துப் பார்ப்போம். நூல் மாதிரி நீண்டா ஆபத்து. இது நல்லாவே நீண்டுச்சு. வெட்டணும்னு நான் எழுதினேன். நீங்க வெட்டினீங்க."

இருதயம் ஸ்டூலில் உட்கார்ந்தார். எத்தனையோ சாவைப் பார்த்தவர்தான். ஆனாலும் அழுகை வந்தது, அவர் அதை மறைக்கவில்லை. குழாயைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்போ நாம செஞ்சது தப்பா மேடம்?"

மங்கையர்க்கரசி மறுபடி ஃப்ரீசரைத் திறந்தார். வாத்தியாரின் குழாய் இருந்த இடம் காலியாக இருந்தது. அதில் கண்டக்டரின் குழாயை வைத்து மூடினார்.

"அதையும் ஒரு நாள் யாராவது எடுத்துப் பார்த்துட்டு இதையேதான் கேட்பாங்க டாக்டர். கண்டக்டர் வெளியில உட்கார்ந்திருக்கார். போய், இன்னைக்கு நமக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

இருதயம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கதவருகே போய் நின்றார்.

"தெரியாததை?"

"அதை முதல்ல சொல்லுங்க."