இருமத் தெரியாத ராஜா

முள்ளிக்கோட்டையில் ராஜாவாக வேண்டுமானால் இருமத் தெரிந்திருக்க வேண்டும். சிரிக்காதீர்கள். அந்த ஊர் வழக்கம் அது.

வழக்கம் வந்த கதை சின்னதுதான். இந்த வம்சத்தின் முதல் ராஜா வில்லவராயன் கோட்டையைப் பிடித்த சூட்டோடு பதவிச் சத்தியம் செய்ய நின்றான். தொட்டுச் சத்தியம் செய்ய வேதமா, புராணமா, ஒரு ஏடும் அகப்படவில்லை. பக்கத்தில் ஓர் உரல் கிடந்தது. அதன் மேல் கையை வைத்தான். "குடிகளைக் காப்பேன்" என்று ஆரம்பித்தான். சண்டைப் புழுதி தொண்டையை அடைத்தது. இருமினான். "தண்ணீரைப் பொதுவில் வைப்பேன்" என்று முடித்தான்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் வம்சத்தில் எல்லாரும் அதே உரலைத் தொட்டு, அதே சொல்லைச் சொல்லி, அதே இடத்தில் இருமினார்கள். இருமல் சொல்லிக்கொடுக்க அரண்மனையில் ஒரு வித்துவானே இருந்தார். தண்ணீரைப் பற்றிய சொல்லை மட்டும் யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

இளவரசன் சொக்கேந்திரனின் முறை வந்தது. பிள்ளைக்குக் கல்லு மாதிரி உடம்பு. இரும வரவில்லை. முக்கிப் பார்த்தான். மூக்கு முந்திக்கொண்டது. தும்மிவிட்டான்.

"செல்லாது!" என்றார் பிரதானி அச்சுதப்பர்.

அவருக்கு என்ன வந்தது என்கிறீர்களா? பெரிய ராஜா கண்ணை மூடியதிலிருந்து முத்திரை மோதிரம் அவர் விரலில். அவர் சொன்னால்தான் ஏரி மதகு திறக்கும். அவருடைய வயலில் தவளை நீச்சலடித்தது. கடைமடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பட்டம் கட்டியதும் மதகைத் திறப்பேன் என்று இளவரசன் கடைமடைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அன்று பொழுது சாய்வதற்குள் சத்தியம் முடிய வேண்டும். தவறினால் அடுத்த தை வரைக்கும் முகூர்த்தம் இல்லை. அதுவரை பயிர் நிற்குமா?

அரண்மனை விகடன் வைரவன் கடைமடைக்காரன். தூணோரம் நின்று பார்த்தான்.

யாரோ யோசனை சொன்னார்கள். மிளகாய் வற்றலைக் கருக்கி இளவரசன் மூக்குக்கு நேரே காட்டினார்கள். சபை மொத்தமும் இருமியது. வாயிற்காவலன் இருமினான். பட்டத்து யானை இருமியது. இளவரசன் மட்டும் தும்மினான்.

"செல்லாது!" என்றார் பிரதானி, இருமிக்கொண்டே.

"இப்ப இருமினவங்கள்ல யாருக்குங்க பட்டம்? யானைக்கா?" என்றான் வைரவன்.

"வாயை மூடுடா."

வைரவன் மூடினான். வெளியே போனான். திரும்பி வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. கும்பிட்டு நின்றான்.

"பிரதானி ஐயா, ஒரு சந்தேகம்."

"சுருக்கக் கேள்."

"தும்மலையே இருமலா வச்சுக்கிட்டா என்ன?"

"அதெப்படி? முதல் ராஜா செய்தபடிதான் செய்ய வேண்டும்."

"சொன்னபடி மட்டுமா, செஞ்சபடியுமா?"

"எல்லாம்தான். எள்ளளவு பிசகினாலும் சத்தியம் செல்லாது."

"சபையறியச் சொல்றீங்களா?"

"சபையறியச் சொல்கிறேன்!" உரல் மேல் ஓங்கி அடித்தார். கை வலித்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

வைரவன் ஆஸ்தானப் புலவர் பக்கம் திரும்பினான். "புலவரே, தினம் காலையில பாடுவீரே, வில்லவராயர் மெய்க்கீர்த்தி. அதுல பட்டம் கட்டின இடத்தை எடுத்து விடும்."

புலவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை அவரை யாரும் பாடு என்று கேட்டதில்லை. பாடு என்று சொல்லாமலே பாடுவார், கேட்காமலே தலையாட்டுவார்கள். உரக்கப் பாடினார். பாட்டின் பொருள் இதுதான்: அதுவரை கோட்டையை ஆண்டவனைப் பிடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதை மேல் வால்பக்கம் பார்க்க உட்காரவைத்து, ஊரைச் சுற்றித் துரத்திவிட்டு, அதன் பிறகே வில்லவராயன் உரலைத் தொட்டான்.

பாடி முடித்த புலவர் மூச்சு வாங்கினார்.

"இத்தனை தலைமுறையா இது விட்டுப்போச்சு," என்றான் வைரவன். "யார் மேலயும் குத்தமில்லை. முன்னாடி ஆண்டவர் எல்லாம் பெத்த தகப்பன். போய்ச் சேர்ந்துட்டார். செத்தவரைக் கழுதையில ஏத்த முடியுமா? இன்னைக்குத்தான் அந்தக் குறை தீருது. முன்னாடி ஆண்டவர் உயிரோட இருக்கார். நல்ல திடகாத்திரமாவும் இருக்கார்."

எல்லாரும் பிரதானியைப் பார்த்தார்கள்.

"நான் எங்கே ஆண்டேன்? சும்மா பார்த்துக்கொண்டேன்!"

"மோதிரம் யார் விரல்லங்க?"

பிரதானி விரலைப் பார்த்தார். கழற்றப் பார்த்தார். வரவில்லை. விரல் கொழுத்திருந்தது.

வாசலில் கழுதை கத்தியது.

"அதுவும் வந்தாச்சு," என்றான் வைரவன். "கரியும் காவியும் குழைச்சே வச்சிருக்கேன். எள்ளளவும் பிசகாதுங்க."

"வழக்கம் என்றால் வழக்கம்தானே, பிரதானியாரே," என்றான் இளவரசன். எழுந்தே விட்டான்.

பிரதானிக்கு வேர்த்தது. "இளவரசே! சத்தியத்துக்கு... மனசுதானே முக்கியம்? சொல் முன்னே பின்னே இருந்தால் என்ன?"

"தும்மினா?" என்றான் வைரவன்.

"தும்மல் என்பது என்ன? மூக்கு வழியாக வந்த இருமல்!"

"சபையறிய?"

"சபையறிய." இந்தத் தடவை உரலை அடிக்கவில்லை.

விளக்கெண்ணெய் போட்டு மோதிரத்தை உருவினார்கள். இளவரசன் உரலைத் தொட்டான். குடிகளைக் காப்பேன் என்றான். தும்மினான். தண்ணீரைப் பொதுவில் வைப்பேன் என்றான். பொழுது சாயுமுன் மதகு திறந்தது.

அதற்குப் பிறகுதான் புது ராஜா சிரித்தான். சிரித்துச் சிரித்துப் புரையேறி, கடைசியில் இருமினான். அச்சு அசல் வில்லவராயன் இருமல். இருமல் வித்துவான் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன வேண்டும் வைரவா? கேள்."

"கழுதைக்கு அரண்மனை வாசல்ல ஒரு முளையடிச்சுக் கொடுங்க மகாராஜா. பிரதானி ஐயா போக வர அது கண்ணுல படணும்."

முளை அடித்தாயிற்று. கழுதைக்குக் கொள்ளும் புல்லும் அரண்மனைச் செலவு. வைரவனுக்குச் சால்வை.

வழக்கம் ஒழிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுநாள் காலையில் இருமல் வித்துவான் மூக்குப்பொடி மட்டையோடு வந்து நின்றார். அடுத்து வரும் ராஜாக்களுக்குத் தும்மல் சொல்லிக்கொடுக்க.