இசக்கியம்மாளின் கணுக்கால்

ஆறுமுகநயினாருக்கு நாற்பத்தாறு வயது. கிராமத்து ஆஸ்பத்திரியில் பதினைந்து வருஷம் டாக்டராக ஊசி போட்டுவிட்டு, எலும்பு மருத்துவம் படிக்கப் பெரியாஸ்பத்திரிக்கு வந்திருந்தார். பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அந்த விஷயத்தில் அவரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளாத நோயாளியே கிடையாது.

அவருடைய குரு டாக்டரம்மா ஜெபமணி, அவரைவிட ஆறு வயது இளையவர். இவரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார், இவர் தப்புச் செய்த நாளிலும்.

அன்றைக்கு இசக்கியம்மாளின் சீட்டோடு வந்து நின்றார் ஆறுமுகநயினார்.

"ஜவுளிக்கடையில சேலை எடுத்துப் போடுத பொண்ணு, மேடம். ஒரு வருஷமா கணுக்கால் வலியாம். எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல. நாள் பூரா நிக்க வேலை, வலிக்கத்தானே செய்யும்? அனுப்பிரட்டுமா?"

"ராத்திரி எப்படி?"

"ராத்திரிதான் ரொம்பவாம்."

"மாத்திரை எதுவும் போடுதாளா?"

"இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணுதா. மூணு தடவை அதட்டியே கேட்டுட்டேன்."

ஜெபமணி சிரித்துவிட்டார். எழுந்து போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். காலை எடுத்துவிடுவார்களோ, வேலை போய்விடுமோ என்று பயந்து பயந்தே பாவம், அவள் பாதியாகியிருந்தாள்.

ஜெபமணி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"தலைவலி தாங்கல தாயி. பையில மாத்திரை ஏதும் வச்சிருக்கியா?"

இசக்கியம்மாள் பதறிப்போய்ப் பையைத் துழாவி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றை நீட்டினாள்.

"இதப் போடுங்கம்மா. பெட்டிக்கடையில வாங்குனதுதான். ராத்திரி ஒண்ணு போட்டா, அரை மணி நேரத்துல என் கால் வலியே ஓடிரும்!"

சொன்ன பிறகுதான் ஆறுமுகநயினாரைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

உடனே ஸ்கேன் எடுக்க அனுப்பினார் ஜெபமணி. கணுக்கால் எலும்புக்குள்ளே, எக்ஸ்ரேயில் பிடிபடாத மூலையில், மிளகு அளவுக்கு ஒரு கட்டி இருந்தது.

"புத்துநோயாம்மா?" இசக்கியம்மாள் கணுக்காலைப் பொத்திக்கொண்டாள்.

"இல்ல தாயி. எங்கயும் பரவாத சாதுவான கட்டி. ஊசி வச்சுப் பொசுக்கிரலாம். காலுக்கும் ஒண்ணும் ஆகாது, வேலைக்கும் ஒண்ணும் ஆகாது."

அவள் ஜெபமணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் போன பிறகும் ஆறுமுகநயினாருக்கு மனசு ஆறவில்லை.

"அந்தக் கட்டியோட வலி இந்த மாத்திரைக்கு அடங்கும்னு நானும் படிச்சிருக்கேன், மேடம். அதனாலதான் மூணு தடவை கேட்டேன். எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க டாக்டரா கேட்டீங்க அண்ணாச்சி. நான் தலைவலிக்காரியா கேட்டேன்."